பதினாறால் வகுத்தால்

எங்கள் மொழியில் தொண்ணூற்றிரண்டு என்று ஒரு சொல் இல்லை.
நாலிருபதும் பன்னிரண்டும் என்போம்.
ஜார்ஜியாவின் மேற்கு மூலையில்
சுக்திதிப் பேருந்து திரும்பிப் போகும் இடத்தில்
நான்காம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன்.
பெயரிலேயே பாதிக் கணக்கைப் போட்டுவைத்திருக்கிறார்கள்
எண்ணுக்குப் பெயர் வைத்தவர்கள்.
இருபது வருடம் பாடம் நடத்திய எனக்கு
அது உறைக்கவே இல்லை, தெக்லே சொல்லும்வரை.

தொண்ணூற்றிரண்டை நான்கால் வகு என்றிருந்தேன்.
மற்றவர்கள் கோடு கிழிப்பதற்குள்
இருபத்து மூன்று என்றாள், ஜன்னலைப் பார்த்தபடி.
"நாலிருபதில் ஆளுக்கு ஓர் இருபது,
பன்னிரண்டில் ஆளுக்கு மூன்று.
அதுவே சொல்லுதே, டீச்சர்."

அப்புறம் சில நாள் சுண்ணக்கட்டியைத் தொடவில்லை.
பெரிய எண்ணா, தெரிந்த துண்டுகளாக உடை.
எட்டால் வகுக்கணுமா,
பாதியாக்கு, பாதியைப் பாதியாக்கு, இன்னொரு தரம்.
ஐந்தாலா, இரட்டித்துவிட்டு ஒரு பூச்சியத்தை உதிர்.
தெமெத்ரே மட்டும் நோட்டில் ஏணி சாய்த்து
ஒவ்வோர் இலக்கத்தையும் கையைப் பிடித்து
இறக்கிக்கொண்டிருந்தான்.
இருக்கட்டும். சிலருக்குக் கைப்பிடி வேண்டும்.

செப்டம்பர் கடைசி வெள்ளிக்கிழமை
பள்ளிக்குப் பின்னால் ஹேசல் மரங்களை உலுக்கினோம்.
இருபது இருபதாகக் குவித்தார்கள்.
எழுபத்து மூன்று குவியல், உதிரியாகப் பன்னிரண்டு.
ஆயிரத்து நானூற்று எழுபத்திரண்டு கொட்டைகள்.
பதினேழு பிள்ளைகள்.
மழை பிடித்தது, மணியும் அடித்தது.
சாக்கைக் கட்டிவிட்டுச் சொன்னேன்:
திங்கட்கிழமை பங்கு. மனதுக்குள் வகுத்து வாருங்கள்.
பேனா கூடாது.

பதினேழு முரட்டு எண்.
பாதிக்குப் பணியாது, மூன்றுக்கு வளையாது.

திங்கட்கிழமை ஜபாவின் நாற்காலி
மேசைமேல் கவிழ்ந்தே இருந்தது.
இத்தாலியில், பாரியில், யாரோ ஒரு கிழவரைக்
குளிப்பாட்டிச் சோறூட்டும் அவன் அம்மா
டிக்கெட் அனுப்பிவிட்டாள்.
குத்தாயிசியிலிருந்து விடியற்கால விமானம்.
சனிக்கிழமை ராத்திரிவரை
அவனுக்கே தெரியாதாம்.

"அப்போ பதினாறு!" என்றான் தெமெத்ரே.
வகுப்பே துள்ளியது.
பாதி, எழுநூற்று முப்பத்தாறு.
பாதி, முந்நூற்று அறுபத்தெட்டு.
பாதி, நூற்று எண்பத்து நான்கு.
பாதி,
நாலிருபதும் பன்னிரண்டும்!
ஒரே குரலில். மீதி கிடையாது.
ஈவு வந்தது. இரக்கம் வரவில்லை.
ஒரு கணக்கு இவ்வளவு லேசாக முடிந்ததை
இன்னும் நான் மன்னிக்கவில்லை.

கொட்டைகளைப் பிரித்துக்கொடுத்தோம்.
நுத்சா தன் பங்கைத் தொடவில்லை.
"நான் பதினேழுக்குத்தான் போட்டு வந்தேன்.
ஆளுக்கு நாலிருபது, ஆயிரத்து முந்நூற்று அறுபது போச்சு.
மிச்சம் நூற்றுப் பன்னிரண்டு.
அதில் ஆளுக்கு ஆறு. கடைசியில் பத்து நின்றது.
நாலிருபதும் ஆறும்தான் டீச்சர் என் பங்கு.
இந்த ஆறு யாரோடது?"

அடுப்பில் விறகு சடசடத்தது.
பதில் தெமெத்ரேயிடமிருந்து வந்தது,
நோட்டு மூடியிருந்தது:
"பதினாறு ஆறு தொண்ணூற்றாறு.
அவனோட எண்பத்தாறு. மீதி நின்ற பத்து."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
தெக்லே ஆறு கொட்டைகளை மேசை விளிம்புக்குத் தள்ளினாள்.
பிறகு ஒவ்வொருவராக.
கடைசியில் எண்ணினால் தொண்ணூற்று மூன்று.
சாபா முன்பே மூன்றை உடைத்துத் தின்றிருந்தான்.
ஓடுகளைக் கொண்டுவந்து வைத்தான், அழாத குறையாக.
ஓடுகளையும் பொட்டலத்தில் போட்டோம்.

பாரிக்கு அனுப்ப ஐம்பத்தோரு லாரி
என்றாள் அஞ்சலகத்துப் பெண்.
இரண்டிருபதும் பதினொன்றும்.
பதினாறால் வகுத்தால் ஆளுக்கு மூன்று, மூன்று மிஞ்சும்.
என்னையும் சேர்த்தால் நாங்கள் பதினேழு.
காசு என்னவோ நான்தான் கட்டினேன்.
ஆனாலும் வரிசையில் நின்றபடி
வகுத்துப் பார்த்தேன், பேனா இல்லாமல்.